இருமினால் சிறுநீர் கசிகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நின்றுவிடுமா?

கம்பத்து மகள்:

வணக்கம். என் அம்மாவுக்கு 56 வயதாகிறது. முப்பது ஆண்டுகளாகக் கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். மூத்த அண்ணன் மட்டும் ஒரு பகலும் ஓர் இரவும் வலி கண்டு வீட்டிலேயே பிறந்தவன் என்று பாட்டி சொல்வார். மாதவிலக்கு நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அதை 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கே வந்து தந்துவிடுகிறார். சர்க்கரை இல்லை என்று சென்ற ஆண்டுப் பரிசோதனையில் சொன்னார்கள்.

சென்ற மாதம் கொடியில் காய்ந்த துணிகளை மடிக்கும்போது, பழைய பருத்திச் சேலையை உள்ளங்கை அகலத்துக்கு மடித்து ஓரம் தைத்த துண்டுகள் ஏழெட்டு இருப்பதைப் பார்த்தேன். மாதவிலக்கு நின்றவருக்கு இது எதற்கு என்று கேட்டதற்கு முதலில் ஏதோ சொல்லி மழுப்பியவர், பிறகுதான் இரண்டு ஆண்டுகளாக இருமினாலும், காய்ச் சாக்கைத் தூக்கினாலும், மேட்டுப்பாதை வளைவுகளில் ஜீப் குலுங்கினாலும் சிறுநீர் கசிகிறது என்று சொன்னார். மழை நாளில் இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எடுப்பதால், நனைந்தது மழையா வேறா என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மழைக்காலமே தனக்கு நல்லது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு டம்ளர் காப்பி குடிப்பவர், அதன் பிறகு மதியச் சாப்பாடு வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மருந்துக் கடையில் நீர்க்கடுப்பு என்று சொல்லி இரண்டு முறை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், பயனில்லை. நான் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே பரிசோதிக்காமலேயே, வயதானால் இப்படித்தான் இருக்கும், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா தோட்டத்தில் முன்பணம் வாங்கிக் கொள்ளலாம் என்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? இதற்கு எந்த மருத்துவரைப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடி பிசியோ:

சகோதரி, முன்பணம் வாங்க வேண்டாம் என்று இன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பையை எடுப்பது சிறுநீர்க் கசிவுக்குச் சிகிச்சையாகாது. கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீடுகள் போன்றவை. இந்த வீட்டை இடித்தால் அந்த வீட்டின் ஒழுகல் நிற்காது, சில நேரங்களில் பொதுச்சுவரும் சேர்ந்து தளர்ந்துவிடும். கட்டி, மிகையான உதிரப்போக்கு, புற்றுநோய், பெரிய அளவிலான அடியிறக்கம் (கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிந்து இறங்குவது) என்று தனிக் காரணம் ஏதாவது பரிசோதனையில் தெரிந்தால் அது வேறு பேச்சு. அந்தப் பரிசோதனையே உங்கள் அம்மாவுக்கு நடக்கவில்லை.

நான் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி செய்பவள் என்பதால், எங்களிடம் வருபவர்களை எப்படிப் பிரித்துப் பார்ப்போம் என்று சொல்கிறேன். இருமல், தும்மல், பாரம், குலுக்கல் ஆகியவற்றால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் அந்த நொடியில் மட்டும் சிறிதளவு வெளியேறினால் அது அழுத்தக் கசிவு. சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்த் தாரையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் தசைகளும் நாண்களும் நீண்ட பிரசவ வலியில் இழுபட்டு, மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்த பிறகு மேலும் தளர்ந்து, அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதால் இது வருகிறது. திடீரென்று அடக்க முடியாத உந்துதல் வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது என்றால் அது அவசரக் கசிவு. அங்கே தவறு செய்வது நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்கும் சிறுநீர்ப்பை. இரண்டும் கலந்திருப்பவர்களும் உண்டு. மேலும், பை காலியாகவே ஆகாமல் நிரம்பி வழிவதும், மூட்டுவலியால் கழிப்பறைக்கு நேரத்தில் போய்ச்சேர முடியாமல் போவதும் வெளியே பார்க்க இதே கசிவாகத்தான் தெரியும். ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றொன்றுக்குக் கெடுதலாகவும் முடியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அழுத்தக் கசிவுதான் முதன்மை என்று தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது போதாது.

ஆகவே மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பவைதாம் வேண்டும். மூன்றில் இரண்டு நாள் வேலை நாளாக இருக்கட்டும். வீட்டில் அளவு குறித்த பழைய குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்துவிடுங்கள். தோட்டத்தில் அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அங்கே நேரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மாலையில் சொல்லட்டும். நலமான சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். உங்கள் அம்மாவின் பை எவ்வளவு கொள்கிறது என்பதை ஸ்கேனைவிடத் தெளிவாக அந்தக் குவளை சொல்லிவிடும்.

பிறகு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு மற்றும் பெண்கள் நலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அடியிறக்கம் இருக்கிறதா என்ற நேரடிப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஆகிய நான்கும் நடந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் இடுப்புவலி, இரவும் பகலும் ஓயாத ஒழுகல், கால் மரத்துப்போய் அதனுடன் திடீரென்று தொடங்கிய கசிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் மூன்று நாள் குறிப்புக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

இடையே ஒரு கேள்வி. இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரையின் பெயர் என்ன? இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?

குமுளிவாசி:

எனக்கு 61 வயது. பிறந்தது கூடலூர், வாழ்க்கைப்பட்டது குமுளி. பிசியோ தங்கை சொன்ன அந்த வேறுபாட்டை நான் ஒரு மலையாளச் சொல்லின் வழியாகக் கற்றுக்கொண்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் போயிருந்தபோது, அவர் "மூத்திரம் அறியாதே போகுன்னுண்டோ?" என்று கேட்டார். அறியாமல் எங்கே போகிறது டாக்டர், நன்றாக அறிந்துதான் போகிறது, நிறுத்தத்தான் முடியவில்லை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, அதை அப்படியே இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். உந்துதல் முன்னால் வருகிறதா, கசிவு முன்னால் வருகிறதா என்பதில்தான் எனக்கான சிகிச்சையே அடங்கியிருந்தது. எனக்கு உந்துதல்தான் முன்னால். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் போதும், ஓட வேண்டும்.

எனக்குச் சொன்னது சிறுநீர்ப்பைக்கான பயிற்சி. அப்போது நான் முக்கால் மணிக்கு ஒரு முறை, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னெச்சரிக்கையாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த முன்னெச்சரிக்கைதான் பையைச் சுருங்கப் பழக்கியது என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்து ஒன்றேகால் மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டினேன். உந்துதல் வரும்போது ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று, கீழ்த் தசையை ஐந்தாறு முறை சட்டென்று இறுக்கிவிட்டு, அது அடங்கிய பின் நடந்து போக வேண்டும். ஓடினால் தோற்றோம். ஆறு வாரமாவது செய்தால்தான் தெரியும் என்றார்; எனக்குப் பத்து வாரம் ஆனது. இப்போது இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. நாளைக்கு ஐந்து முறை குடித்த கட்டன் சாயாவை இரண்டாகக் குறைத்ததும் அதில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன்.

மாத்திரையும் சில மாதம் கொடுத்தார்கள். முதலில் தந்த சோலிஃபெனாசின் நாக்கை அட்டை மாதிரி உலர்த்தி, மலச்சிக்கலையும் கொண்டுவந்தது. பிறகு மிராபெக்ரானுக்கு மாற்றினார்கள். அது இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது என்பதால் மாதந்தோறும் அழுத்தம் பார்த்தார்கள். இந்த மாத்திரைகள் உந்துதலுக்குத்தான். கம்பத்து மகளின் அம்மாவுக்கு இருமலில் மட்டும் கசிகிறது என்றால் இவை வேலைக்கு ஆகா, ஆகவே நான் சாப்பிட்டதைச் சொல்கிறேனே தவிர வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை.

தண்ணீரைக் குறைப்பதை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நானும் அதைச் செய்தவள்தான். கெட்டியான மஞ்சள் சிறுநீர் பையை எரிச்சல்படுத்தும், நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், இறுகிய மலத்துக்கு முக்க முக்கத் தசை இன்னும் தளரும்.

உத்தமபாளையத்தான்:

பெண்களுக்கான பேச்சில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளவும். நிரம்பி வழிவது என்று ஒருவர் ஒரு வரியில் சொன்னதை நான் என் தந்தையிடம் கண்ணால் பார்த்தவன். அவருக்கு 74 வயது. வேட்டி எப்போதும் நனைந்தே இருந்தது, இரவில் படுக்கையும் நனைந்தது. அடக்க முடியவில்லை போலும் என்று நினைத்து, ஒரு மருந்துக் கடையில் கேட்டு, சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு சொட்டும் போகவில்லை. அடிவயிறு பானைபோல உப்பிவிட்டது. மருத்துவமனையில் குழாய் போட்டபோது ஒன்றரை லிட்டர் இறங்கியது. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்க, பை நிரம்பி மேலால் வழிந்ததைத்தான் நாங்கள் கசிவு என்று எண்ணியிருக்கிறோம். சிறுநீரகமும் அதற்குள் பழுதாகத் தொடங்கியிருந்தது. அறுவை செய்த பிறகு இப்போது நன்றாக இருக்கிறார். நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு ஆண் பெண் வேறுபாடின்றி இப்படி ஆகலாம் என்று அங்கே சொன்னார்கள். சிறுநீர் போன பின் எடுக்கும் அந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே எழுதினேன்.

கம்பத்து மகள்:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் குறிப்பு எழுதி முடித்தோம். அம்மா முதல் நாள் கோபித்துக்கொண்டார், மூன்றாம் நாள் குவளையைத் தாமே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 450 என்று வாசித்தார். காலையில் எழுந்ததும் 450 மில்லி. அதற்குப் பிறகு தோட்டத்தில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அடுத்த முறை. நாள் முழுவதும் குடித்தது எல்லாம் சேர்த்து 900 மில்லிக்கும் குறைவு. கசிவு ஒரு நாளில் ஆறேழு முறை. பெரும்பாலும் இருமலில், சில முறை சாக்கைத் தூக்கியதில், ஜீப்பில் இறங்கும்போது. இரண்டு முறை மட்டும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உந்துதல் வந்து கசிந்திருக்கிறது.

மாத்திரையின் பெயர் எனலாப்ரில். கேட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தோம். இந்த மாத்திரை தொடங்கி ஒன்றே கால் ஆண்டு ஆகிறது, சளியில்லாத இந்த வறட்டு இருமலும் ஏறத்தாழ அப்போதிலிருந்துதான். கசிவு அதற்கு முன்பே இருந்தாலும், துணி வைக்கும் அளவுக்கு ஆனது இருமல் வந்த பிறகு என்கிறார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

போடி பிசியோ:

உண்டு, அதற்காகத்தான் கேட்டேன். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஏற்கெனவே தளர்ந்த தசையின் மேல் நாளுக்கு ஐம்பது முறை இருமல் இடித்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் இந்த இருமலைச் சொன்னால் வேறு வகை அழுத்த மாத்திரைக்கு மாற்றுவார். மாற்றிய சில வாரங்களில் இருமல் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று பார்த்துவிடுவது முறை, அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

குறிப்பைப் பார்த்தால் பையின் கொள்ளளவு நன்றாக இருக்கிறது. அழுத்தக் கசிவு பெரும்பங்கு, உந்துதல் சிறுபங்கு. பரிசோதனையில் வேறு எதுவும் இல்லையென்றால் முதல் சிகிச்சை பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதியது இது. இன்றும் இதை விஞ்சிய முதற்படி வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினர்தாம். ஆயினும் என்னிடம் "எல்லாம் செய்து பார்த்தேன், பலனில்லை" என்று வருபவர்களில் பலர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருப்பார்கள். தவறாகச் செய்வதைவிடச் செய்யாமலிருப்பது மேல்.

அம்மாவை மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கமாகச் சிறுநீர் வழி வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறும் பிட்டமும் தொடையும் அசையக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும். தொடக்கத்தில் மூன்று விநாடி தாங்கினாலே போதும். பிடித்த அளவு நேரம் தளர விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். போகப் போகப் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது, அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பது, எந்தத் தசை என்று அறிய ஒரே ஒரு முறை போதும். அதையே பயிற்சியாகச் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

இன்னொன்று, இருமல் வருகிறது என்று தெரிந்ததும், சாக்கில் கைவைக்கும் முன்பும், தசையை முதலில் இறுக்கிக்கொண்டு அதன் பிறகு இரும வேண்டும், தூக்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை, பிடிபட்டால் அதே வாரத்தில் வேறுபாடு தெரியும்.

இரவுப்பணிச் செவிலி:

கோட்டயத்தில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன், ஊர் சின்னமனூர். விடுபட்டவற்றை மட்டும் சொல்கிறேன். மடித்த பருத்தித் துணி தவறில்லை, ஆனால் தோட்டத்தில் எட்டு மணி நேரம் ஒரே ஈரத் துணி என்றால் தொடையிடுக்கில் தோல் வெந்து படை வந்துவிடும். இரண்டு துண்டுகளைக் கூடுதலாகப் பையில் வைத்து, மதியம் ஒரு முறை மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். வீட்டில் துவைத்த துணியை நிழலில் ஒளித்துக் காயப்போடாமல் வெயிலில் போடுங்கள். மாதவிலக்கு நாப்கின் இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது, சட்டென்று வரும் சிறுநீரை அது அவ்வளவாக வாங்காது.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது, போக இடம் வேண்டுமே என்று உங்கள் அம்மா கேட்பார், நியாயமான கேள்வி. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீரும் கழிப்பிடமும் நிர்வாகத்தின் கடமை என்றது. ஏலத்தோட்டங்களும் அதில் உண்டு, ஆனால் சிறு தோட்டங்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. பெண்கள் சேர்ந்து கேட்டு, ஸ்டோர் அருகில் இருக்கும் கழிப்பறையின் சாவியை வாங்கிக்கொண்ட ஒரு தோட்டத்தை எனக்குத் தெரியும்.

மூன்று மாதப் பயிற்சியும் போதாவிட்டால் அடுத்த படிகள் இருக்கின்றன. அடியிறக்கம் இருந்தால் உள்ளே பொருத்தும் வளையம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, குறிப்பாக உந்துதலுக்கு, சிலருக்கு உதவும். அறுவையிலும், சிறுநீர்த் தாரைக்கு அடியில் ஒரு பட்டையைத் தாங்கலாக வைப்பதுதான் இந்தக் கசிவுக்குப் பரவலாகச் செய்யப்படும் அறுவை. செயற்கை வலையால் ஆன பட்டை சிலருக்கு நெடுநாள் வலியையும் சதையரிப்பையும் தந்ததால், இங்கிலாந்தில் 2018-இல் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தார்கள். நோயாளியின் சொந்தத் தசையுறையை எடுத்து வைக்கும் முறையும் இருக்கிறது. எதை வைக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கம்பத்து மகள்:

தேனிக்குப் போய்வந்தோம். முதல் நிலை அடியிறக்கம் மட்டுமே இருக்கிறதாம். கர்ப்பப்பையில் கை வைக்கத் தேவையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீர் போன பின் பையில் தங்கியது 20 மில்லி. சளிப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இன்று பதினோராம் நாள், இரவு இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. பயிற்சியை அங்கிருந்த பிசியோதெரபி அம்மா பரிசோதித்துப் பார்த்து, முதலில் கீழே முக்கியதைத் திருத்தினார். இப்போது அம்மாவால் நான்கு விநாடி பிடிக்க முடிகிறது. பத்து மணிக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தோட்டத்தில் முடிக்கிறார்.

அம்மாவின் ஒரு சந்தேகம். வீட்டில் காலை வேளைப் பயிற்சிக்கு நேரமில்லை, மேட்டுப்பாதையில் ஜீப் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பும்போது ஒரு முறை பிடித்து விட்டால் அதுவே ஒரு வேளைக் கணக்கு ஆகிவிடாதா என்று கேட்கிறார்.

போடி பிசியோ:

வளைவுக்கு முன் இறுக்கிப் பிடிப்பது குலுக்கலில் கசியாமல் இருக்க நல்ல பழக்கம், கட்டாயம் செய்யட்டும். ஆனால் அதை வேளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குலுங்கும் வண்டியில் கம்பியைப் பிடித்தபடி மூச்சை அடக்காமல் செய்ய நான்கு விநாடிக்காரரால் முடியாது. காலை வேளையை எழுந்ததும் பாயிலேயே, காப்பி அடுப்பேறும் முன்பு முடித்துவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆறாவது வாரம் மறுபடியும் மூன்று நாள் குறிப்பு எழுதி இங்கே போடுங்கள், பார்க்கலாம்.